காசு வாங்க மாட்டோம் என்று சொன்னால்: வன்னியிலிருந்து பயணம் போவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சியில் கடவுச்சீட்டு, விசா விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கும் சிறிய அலுவலகமொன்றில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். முன்பு இங்கு வருவோர் விசாவைப் பற்றியும் பொதியின் நிறையைப் பற்றியுமே கேட்பார்கள். இப்போது பிள்ளைகளிடம் போய்த் திரும்பும் தாய் தகப்பன்மார், மடி நிறையக் காசிருந்தும், வங்கி அட்டைதான் வேண்டும் என்று கடையில் சொன்னதால் ஒரு தேநீர் வாங்கிக் குடிக்க முடியாமல் நின்ற கதையொன்றையாவது கொண்டுவருகிறார்கள். அந்தக் கதைகளோடு வந்த கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

கேள்வி: அரசாங்கம் அடித்த காசை வாங்க மறுக்க ஒரு கடைக்கு உரிமை உண்டா?

பெரும்பாலான நாடுகளில் உண்டு. எங்கள் நாணயத்தாள்களில், எந்தத் தொகையைக் கொடுப்பதற்கும் இது சட்டப்படி செல்லும் என்ற கருத்தில் ஒரு வாசகம் இருக்கிறது. இலங்கை மத்திய வங்கி வெளியிடும் தாள்களுக்கும் குற்றிகளுக்கும் அந்தத் தகுதியைச் சட்டமே கொடுக்கிறது. ஆனால் ‘சட்டப்படி செல்லும்’ என்பதை நாங்கள் ஒரு விதமாகவும் சட்டம் அறிந்தவர்கள் இன்னொரு விதமாகவும் விளங்கிக்கொள்கிறோம். நீங்கள் ஒருவருக்குக் கடன்பட்டிருக்கும்போது அந்தக் கடனை அடைக்க இந்தப் பணத்தை நீட்டினால், கொடுக்கவேண்டியதைக் கொடுக்க முன்வரவில்லை என்று அவர் உங்கள்மீது பழி சொல்ல முடியாது என்பதே அந்தச் சொல்லின் அடிப்படைப் பொருள். இனிமேல்தான் ஒரு பொருளை வாங்கப் போகிறீர்கள் என்றால், அங்கே கடன் எதுவும் இன்னும் பிறக்கவில்லை. விற்பவர் விலையைச் சொல்வதுபோல, அந்த விலையை எந்த வழியில் தரவேண்டும் என்பதையும் சொல்கிறார். சம்மதமானால் வாங்கலாம், இல்லையென்றால் விட்டுவிட்டு வரலாம். பிரித்தானியாவிலும் கனடாவிலும் நிலைமை இதுதான் என்பதை அந்நாடுகளின் மத்திய வங்கிகளே தெளிவாகச் சொல்கின்றன.

எனவே கேட்க வேண்டிய நேரம் கதவருகே, கதிரையில் உட்காருவதற்கு முன்பு. ‘காசு எடுப்பீர்களா?’ என்று முதலில் கேட்பது எங்கள் ஆட்களுக்கு வெட்கமாக இருக்கிறது. ஏதோ கையில் இல்லாதவர் கேட்பதுபோல ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள்.

கேள்வி: கேட்காமல் சாப்பிட்டுவிட்டேன், பிறகுதான் அட்டை மட்டும் என்கிறார்கள். என்ன செய்வது?

இது எனக்கே நடந்தது. கொழும்பில் ஓர் உணவகத்தில் மூன்று பேராகச் சாப்பிட்டு முடித்து, பற்றுச்சீட்டு வந்த தட்டில் 5000 ரூபாய்த் தாளை வைத்தபோது, பரிமாறிய பையன் அதைத் தொடாமல் நின்றான். வாசலில் அறிவித்தல் இல்லை, உணவுப் பட்டியலிலும் இல்லை. சாப்பாடு வயிற்றுக்குள் போய்விட்டபடியால் நான் ஏற்கெனவே அவர்களுக்குக் கடன்பட்டவன். நாட்டின் செல்லும் பணத்தை நீட்டுகிறேன். அதை மறுப்பதானால் எழுத்தில் தாருங்கள் என்று முகாமையாளரிடம் அமைதியாகச் சொன்னேன். அவர் பணத்தை எடுத்துக்கொண்டார். ஆனால் காசுப் பெட்டி இல்லாத இடத்தில் மிச்சக்காசு எங்கிருந்து வரும்? ஊழியர்கள் தங்கள் பணப்பைகளைத் திறந்து சேர்த்துத் தந்தார்கள், நூற்றைம்பது ரூபாய் குறைவாக. நான் வென்றேனா தோற்றேனா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

முன்னறிவித்தல் இல்லாத இடத்தில், சேவையைப் பெற்ற பிறகு எழும் தகராறில் உங்கள் பக்கம் நியாயம் வலுவானது. அறிவித்தல் பெரிதாகத் தொங்குகிறதென்றால் அந்த வலு குறைந்துவிடும், ஏனென்றால் அதைப் பார்த்த பிறகே உள்ளே போயிருக்கிறீர்கள். எப்படியிருந்தாலும் குரலை உயர்த்தாதீர்கள். காசை மேசையில் போட்டுவிட்டு வெளியேறவும் வேண்டாம். அந்நிய நாட்டில், மொழி தெரியாத இடத்தில், நீங்கள் பணம் கொடுக்காமல் போனவர் என்று ஆகிவிடக்கூடும்.

கேள்வி: எந்தெந்த நாட்டில் காசை மறுக்கலாம், எங்கே மறுக்கக்கூடாது?

எங்கள் ஆட்கள் அதிகம் போகும் நாடுகளை மட்டும் சொல்கிறேன். பிரான்ஸ் கடுமையானது. செல்லும் பணத்தை மறுப்பது அங்கே தண்டப்பணத்துக்குரிய குற்றம். ஆனால் அதே சட்டம் சரியான தொகையை எண்ணிக் கொடுக்கும் பொறுப்பை உங்கள் தலையில் வைக்கிறது. மிச்சம் தரச் சில்லறை இல்லையென்று கடைக்காரர் சொன்னால் அது நியாயமான காரணம். யூரோ நாடுகள் எதிலும், ஒரு கொடுப்பனவுக்கு 50 குற்றிகளுக்கு மேல் எவரும் வாங்கவேண்டியதில்லை. ஆகவே பேரப்பிள்ளைகளின் உண்டியலை உடைத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். ஜேர்மனியில் சட்டம் கடைக்காரருக்குச் சுதந்திரம் கொடுத்தாலும், காசுப் பழக்கம் அங்கே இன்னும் ஊறியே இருக்கிறது. சுவிஸில் காசை ஏற்பதுதான் பொதுவிதி, இரு தரப்பும் வேறுவிதமாக ஒத்துக்கொண்டால் ஒழிய. கடைவாசல் அறிவித்தலே அந்த ஒத்துக்கொள்ளலாக எடுத்துக்கொள்ளப்படுவதால், பயணிக்கு அந்த விதியால் பெரிய உதவி இல்லை.

நோர்வேயின் கதை வேறு. காசுப் பயன்பாடு மிகக் குறைந்துவிட்ட நாடு அது. ஆயினும், ஆட்கள் நின்று விற்கும் இடங்களில் காசாகக் கொடுக்க வாடிக்கையாளருக்கு உரிமையுண்டு என்பதை 2024 ஒக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் உறுதிப்படுத்தியிருக்கிறது. 20,000 குரோனருக்கு மேற்பட்ட கொடுப்பனவுக்கும், ஆளில்லாத இயந்திரங்களுக்கும் அது பொருந்தாது. பக்கத்து நாடான சுவீடனில் அப்படியொரு பொது உரிமை இல்லை. அங்கே கடைகளும் தேநீர்ச்சாலைகளும் தாராளமாக மறுக்கின்றன.

அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான சட்டம் எதுவும் இல்லை. ஆனால் மசாசூசெட்ஸ் மாநிலம் 1978 முதலும், நியூ ஜெர்சி 2019 முதலும், நியூயோர்க் நகரம் 2020 முதலும் கடைகள் காசை மறுப்பதைத் தடுத்துள்ளன. கனடாவில் தடை இல்லை. அவுஸ்திரேலிய அரசாங்கம், அத்தியாவசியப் பொருட்களை விற்கும் வணிகங்கள் காசை ஏற்கவேண்டும் என்ற திட்டத்தை, 2026இன் தொடக்கத்தை இலக்காக வைத்து, 2024 நவம்பரில் அறிவித்தது. அதற்கு வெளியே உள்ள கடைகள் தங்கள் விருப்பப்படி நடக்கலாம்.

கேள்வி: லண்டனில் மகனிடம் போகிறோம். பஸ்ஸில் காசு கொடுக்கலாமா?

முடியாது. 2014 ஜூலை 6 முதல் லண்டன் பஸ்களில் காசு வாங்குவதில்லை. அப்போதே நூற்றில் ஒரு பயணத்துக்கும் குறைவாகத்தான் காசு கொடுக்கப்பட்டது என்பது அவர்கள் சொன்ன காரணம். சாரதியிடம் பவுண் தாளை நீட்டினால் அவர் தலையை ஆட்டுவார். அவர் உங்களை அவமதிக்கவில்லை, அவரிடம் அதைப் போட்டுவைக்க ஒரு பெட்டிகூட இல்லை. ஒய்ஸ்டர் என்ற லண்டன் பயண அட்டையோ, தொட்டுச் செலுத்தும் வங்கி அட்டையோ வேண்டும். ஒய்ஸ்டர் அட்டையில் காசு ஏற்ற, நிலக்கீழ் ரயில் நிலையங்களில் உள்ள இயந்திரங்களையோ அதற்கென அடையாளம் போட்ட சிறிய கடைகளையோ நாடலாம். கடைசியில் காசு உதவுவது அந்த ஓரிடத்தில்தான்.

இங்கே பலரும் தவறவிடும் ஒன்று உண்டு. மகன் தன்னுடைய அட்டையொன்றை அம்மாவிடமும் அப்பாவிடமும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார். ஓர் அட்டையில் ஓர் ஆள்தான் பயணம் செய்யலாம். அப்பா தொட்டு ஏறிவிடுவார், அம்மா கீழே நிற்பார். இப்படி நின்ற ஒரு தாய், பஸ் புறப்பட்டபோது, இடம்பெயர்ந்த நாட்களில் ட்ரக்டரில் இடம் கிடைக்காமல் நின்றது நினைவுக்கு வந்ததாகச் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆளுக்கு ஓர் அட்டை என்று பிள்ளைகளிடம் புறப்படுவதற்கு முன்பே சொல்லிவையுங்கள்.

ரொறன்ரோ இதற்கு எதிர்மாறு. அங்கே பஸ்ஸில் காசை உண்டியலில் போடலாம், ஆனால் சரியான தொகையாகப் போடவேண்டும், மிச்சம் தரமாட்டார்கள். டுபாயில் பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் நொல் என்ற பயண அட்டை வேண்டும்.

கேள்வி: ஏன் மறுக்கிறார்கள்? காசு கெட்டதா?

காசை எண்ண ஆள் வேண்டும், பூட்டிவைக்க இடம் வேண்டும், வங்கிக்குக் கொண்டுபோகும் வழியில் திருட்டுப் பயம், வங்கியில் இடுவதற்கும் பல நாடுகளில் கட்டணம். பஸ் சாரதிக்கும் இரவுக் கடைக் காசாளருக்கும் பெட்டியில் காசில்லாமல் இருப்பதே பாதுகாப்பு. 2020இல் கொரோனாப் பயத்தில் காசைத் தொடாமல் விட்ட கடைகள் பல, பயம் போன பிறகும் பழைய வழிக்குத் திரும்பவில்லை. இவை எல்லாம் கடைக்காரர் பக்கத்துக் காரணங்கள், பொய்யான காரணங்களும் அல்ல. ஆனால் வங்கிக் கணக்கு இல்லாதவர், கைபேசியை இயக்கத் தெரியாத முதியவர், கணவனின் கண்ணுக்குப் படாமல் பத்து ரூபாய் சேர்க்கும் மனைவி ஆகியோருக்கு அந்தக் கதவு மூடுகிறது. எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடும்போது மடியில் இருந்த காசும் காதில் இருந்த தோடும்தான் சோறு போட்டது என்பதைக் கண்ட எங்கள் ஆட்களுக்கு, காசை நம்பாதே என்று ஒருவர் சொல்வது எளிதில் ஏறாது.

அட்டையும் கைவிடும். 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் கணினிகள் முடங்கியபோது, விமானங்கள் நின்றன, பல கடைகளில் அட்டை இயந்திரங்களும் நின்றன. அன்று கையில் தாள் வைத்திருந்தவர்தான் தண்ணீர்ப் போத்தல் வாங்கினார்.

கேள்வி: கிளிநொச்சி வங்கிக் கிளையில் தந்த டெபிட் அட்டை வெளிநாட்டில் வேலை செய்யுமா?

விசா அல்லது மாஸ்டர்கார்ட் அடையாளம் இருந்தால் செய்யக்கூடும். ஆனால் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி பூட்டி வைத்திருக்கலாம். புறப்படுவதற்கு ஒரு கிழமை முன்பு கிளைக்குப் போய், எந்த நாடு, எத்தனை நாள் என்று சொல்லித் திறந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் எவ்வளவு கட்டணம் என்பதையும், ஒரு தடவைக்கான இரகசியக் குறியீடு வரும் கைபேசி இலக்கம் வெளிநாட்டில் இயங்குமா என்பதையும் அப்போதே கேளுங்கள். இரண்டாவதில்தான் பலர் மாட்டுகிறார்கள்: இணையத்தில் ரயில் சீட்டுக்குக் கட்டும்போது குறியீடு இங்கே வீட்டில் விட்டுவந்த கைபேசிக்கு வந்துவிடும்.

வெளிநாட்டுக் கடையில் இயந்திரம் ‘இலங்கை ரூபாயிலா, உள்ளூர் நாணயத்திலா’ என்று கேட்டால், உள்ளூர் நாணயத்தைத் தெரிவு செய்யுங்கள். எங்கள் நாணயத்தில் காட்டுவது விளங்க இலகுதான். அந்த இலகுவுக்கு மாற்றுவீதத்தில் மறைவாக விலை வைத்திருப்பார்கள்.

கேள்வி: ஹோட்டல் அறைக்குக் காசாகக் கட்டினேன். ஆனாலும் அட்டை கேட்கிறார்களே?

அது வாடகைக்கு அல்ல, பிணைக்கு. அறையில் ஏதும் உடைந்தால் எடுப்பதற்காக ஒரு தொகையை உங்கள் கணக்கில் பிடித்துவைப்பார்கள். எடுக்கமாட்டார்கள், ஆனால் உங்களாலும் அதைப் பயன்படுத்த முடியாது. வெளியேறிய பிறகும் விடுவிக்கச் சில நாட்கள் செல்லும். டெபிட் அட்டையில் இருப்பதே கொஞ்சம் என்றால், அந்தப் பிடிப்பு உங்கள் சாப்பாட்டுக் காசையும் சேர்த்து விழுங்கிவிடும். கார் வாடகையில் இது இன்னும் கூடுதலான தொகை. பல இடங்களில் ஓட்டுபவரின் பெயரிலேயே கடனட்டை வேண்டும் என்பார்கள். விசாக் கட்டணத்தை மருமகனின் அட்டையில் கட்டலாம், பிணையை அப்படி வைக்க முடியாது.

கேள்வி: முன்பு வந்த தம்பி தந்த பவுண் தாள்கள் பெட்டியில் இருக்கின்றன. அவற்றைக் கொண்டுபோகலாமா?

முதலில் தாளைத் தடவிப் பாருங்கள். கடதாசியாக இருந்தால் எந்தக் கடையும் வாங்காது. இங்கிலாந்து வங்கியின் கடதாசித் தாள்களில் கடைசியாக மிஞ்சியிருந்த 20, 50 பவுண் தாள்கள் 2022 செப்டெம்பர் 30க்குப் பிறகு செல்லாமல் போய்விட்டன. பயப்பட வேண்டாம், இங்கிலாந்து வங்கி தன் பழைய தாள்களைக் காலவரையின்றி மாற்றிக் கொடுக்கும். மகன் உரிய படிவத்தோடு அனுப்பினால் போதும். சுவிஸ் மத்திய வங்கி 2021இல் திரும்பப் பெற்ற எட்டாம் தொடர் பிராங்க் தாள்களுக்கும் மாற்றுவழி திறந்தே இருக்கிறது. இந்தியாவின் பழைய 500, 1000 ரூபாய்த் தாள்கள் 2016 நவம்பர் 8 இரவோடு போனவை. அவற்றைப் படம் போட்டு மாட்டலாம்.

கேள்வி: அப்படியென்றால் எவ்வளவு கைக்காசு கொண்டுபோவது?

முதல் இரண்டு நாட்களுக்குப் போதுமானது, சிறிய தாள்களாக. மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நாணயமாற்றுநரிடம் மாற்றி, பற்றுச்சீட்டைத் திரும்பி வரும்வரை வைத்திருங்கள். கனடாவுக்கு 10,000 கனேடிய டொலரோ அதற்கு மேலோ, பிரித்தானியாவுக்கு 10,000 பவுணோ அதற்கு மேலோ கொண்டுபோனால் சுங்கத்தில் அறிவிக்கவேண்டும். அறிவிப்பதற்குக் கட்டணம் இல்லை, மறைப்பதற்குத்தான் தண்டம்.

கேள்வி: மதுரைக்கும் திருச்செந்தூருக்கும் கோயிலுக்குப் போகிறோம். அங்கே எல்லோரும் கைபேசியால்தான் கொடுக்கிறார்களாமே?

உண்மை. 2016இல் தொடங்கிய யுபிஐ முறை இன்று பூக்காரி வரை போய்விட்டது. எங்கள் வங்கிச் செயலி அங்கே வேலை செய்யும் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். 2024 பெப்ரவரியில் இலங்கையில் யுபிஐ தொடங்கப்பட்டது இந்தியப் பயணிகள் இங்கே கொடுப்பதற்காக. காசை அங்கே எவரும் மறுப்பது அரிது. சில்லறை இல்லை என்று சொல்லித்தான் மறுப்பார்கள். 500 ரூபாய்த் தாளை வைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினால் சண்டை நிச்சயம். இறங்கிய விமான நிலையத்திலேயே 50களும் 100களுமாகக் கேட்டு வாங்குங்கள். 2000 ரூபாய்த் தாளை யாரும் தந்தால் வாங்காதீர்கள். 2023 மே மாதம் அதைப் புழக்கத்திலிருந்து எடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

கேள்வி: இங்கேயே வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் பஸ்ஸில் என் காசை வாங்கவில்லை. கிழிந்த தாளாம். அது சரியா?

உண்மையில் வன்னியில் நாளாந்தம் நடக்கும் காசு மறுப்பு இதுதான். பழுதாகிய தாளுக்கு நடத்துனரிடம் வாதிட்டுப் பயனில்லை, அவரும் அதை இன்னொருவரிடம் தள்ளவேண்டும். வங்கிக்குக் கொண்டுபோங்கள், இயல்பாகத் தேய்ந்து கிழிந்ததை மாற்றலாம். வேண்டுமென்றே எழுதி, வெட்டி, கிறுக்கிப் பழுதாக்கியது என்றால் நட்டம் வைத்திருப்பவருக்கு. அப்படியானவற்றை மாற்ற மத்திய வங்கி கொடுத்த கடைசித் தவணை 2018 மார்ச் 31உடன் முடிந்தது. நாணயத்தாளில் கைபேசி இலக்கம் எழுதும் பழக்கத்தை எங்கள் பிள்ளைகள் விடவேண்டும்.

5000 ரூபாய்த் தாளைக் காலையில் புறப்படும் முதல் பஸ்ஸில் நீட்டுவது வேறு விடயம். அது செல்லும் பணம்தான், நடத்துனரிடம் மிச்சம் இல்லை என்பதும் உண்மைதான். முதல்நாள் மாலையே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கனடாவிலிருந்து அண்ணன் குடும்பம் ஓகஸ்டில் வருகிறது. காசே கொண்டுவரமாட்டார்களாம், எல்லாம் அட்டையாம்.

அவர்களுக்கு முழுக் கேள்வியையும் தலைகீழாகத் திருப்பிச் சொல்லுங்கள். இங்கே காசை மறுக்கும் கடையைத் தேடவேண்டும். அட்டையை மறுக்கும் கடை வீதிக்கு வீதி இருக்கிறது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பெரிய கடைகளிலும் எரிபொருள் நிலையங்கள் சிலவற்றிலும் அட்டை இயந்திரம் உண்டு. கைபேசியால் கொடுக்கும் லங்காகியூஆர் குறியை ஒட்டிய கடைகளும் பெருகுகின்றன, ஆனால் கனடாவிலிருந்து வருவோர் அதைப் பயன்படுத்த இங்குள்ள வங்கிக் கணக்கும் செயலியும் தேவை. மல்லாவியிலோ நெடுங்கேணியிலோ இளநீர் வாங்க, மடுவுக்கு வான் பிடிக்க, வற்றாப்பளையில் அர்ச்சனை செய்யக் காசுதான். அட்டையில் கட்டினால் நூற்றுக்கு இரண்டு மூன்று ரூபாய் கூடுதலாகக் கேட்கும் கடைகளும் உண்டு. அப்படிக் கேட்கக்கூடாது என்று மத்திய வங்கி சொல்லியிருக்கிறது, அதைச் சுட்டிக்காட்டினால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். கட்டுநாயக்காவில் இறங்கியதும் ஏடிஎம்மில் ரூபாய் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், அதுவும் பெரும்பாலும் 5000 தாள்களாகவே வரும். ஏ9 வீதியில் ஏறுவதற்கு முன்பு எங்காவது எரிபொருள் அடிக்கும்போது அவற்றில் இரண்டை உடைத்துவிடட்டும்.

கேள்வி: முறிகண்டியில் அட்டைக்குக் கச்சான் தருவார்களா?

தரமாட்டார்கள். பிள்ளையாருக்குப் போடுவதற்கும் சேர்த்துக் குற்றிகளாக எடுத்துவைக்கச் சொல்லுங்கள். கச்சான்கார அம்மாவிடம் 5000 தாளை நீட்டினால், பக்கத்துத் தேங்காய்க் கடைவரை போய் மாற்றிக்கொண்டு வருவார், அதற்குள் சாரதி ஹோர்ன் அடிக்கத் தொடங்கிவிடுவார்.